350 ஆண்டு வழி வந்த சூடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ரோலிங் மில்களில் உலையிலிருந்து வெளியே வரும் பில்லட் மஞ்சள் பூத்த வெண்மையில் இருக்கும். உருளைகளுக்குள் புகுந்து புகுந்து கம்பியாக மெலியும்போது ஆரஞ்சாகும், பிறகு சிவக்கும். கூலிங் பெட்டில் சற்று நேரம் கிடந்தால் கறுத்துப்போகும். கறுத்துவிட்டதே என்று யாரும் அதில் கை வைப்பதில்லை. சுமார் 500 டிகிரிக்குக் கீழே போன இரும்பு கண்ணுக்கு ஒளி காட்டாதே தவிர, அகச்சிவப்பில் இன்னும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். மில்லில் உள்ள பைரோமீட்டர் அந்த ஒளியைத்தான் வாங்கிச் சூட்டைச் சொல்கிறது.

இப்படி உலையைவிட்டு வந்து ஆறிக்கொண்டிருக்கும் உருண்டை ஒன்று சென்டாரஸ் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஹிப் 65426 பி. வியாழனைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு நிறை கொண்ட வாயுக்கோள் அது. அதன் சூடு ஏறக்குறைய 1,000 டிகிரி செல்சியஸ். உருளைகளைவிட்டு வெளியேறும் கம்பியின் சூடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கம்பி ஆறச் சில நிமிடங்கள் போதும். இந்தக் கோளோ சுமார் 1.4 கோடி ஆண்டுகளாக ஆறிக்கொண்டிருக்கிறது, இன்னும் முடியவில்லை. கோள்களின் கணக்கில் இது கைக்குழந்தைப் பருவம். நம் வியாழனுக்கு வயது 450 கோடிக்கு மேல்.

அந்தக் குழந்தையின் உடம்புச் சூட்டில் ஒரு துளி 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தங்கப்பூச்சு ஆடியில் வந்து விழுந்தது. விண்வெளியில் இயங்கும் அந்தத் தொலைநோக்கி நேரடியாகப் படமெடுத்த முதல் புறக்கோள் இதுதான். அந்தத் துளி எங்கே பிறந்தது, எப்படி வந்தது, வந்து என்ன ஆயிற்று என்பதே இங்கே கதை.

பிறந்த கதையில் தொடங்கலாம். இளம் நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிய வாயுவும் தூசும் ஓரிடத்தில் திரண்டு, தன் எடையாலேயே உள்நோக்கி விழுந்தன. உயரத்திலிருந்து விழும் எதுவும் விழுந்த வேகத்தை எங்கேயாவது தொலைத்தாக வேண்டும். இங்கே அது வெப்பமாக மாறியது. கோளின் மையத்தில் அணுஉலை எதுவும் இல்லை, அதற்கான நிறை இதற்குப் போதாது. ஆகவே இருப்பது முழுக்கப் பிறப்பில் கிடைத்த கையிருப்பு, வரவே இல்லாத செலவு. உள்ளே கொதித்து மேலெழும் வாயு அந்த வெப்பத்தை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. அங்கே அது அகச்சிவப்பாக வெளியேற முயல்கிறது.

முயல்கிறது என்று சொல்லக் காரணம் உண்டு. மேலே நீராவியும் கார்பன் மோனாக்சைடும் தங்களுக்குப் பிடித்த அலைநீளங்களில் ஒளியை விழுங்கிவிடுகின்றன. இந்தச் சூட்டில் மேகம் என்றால் அது மழைமேகமும் இல்லை. சிலிக்கேட் துகள்கள், அதாவது மணலின் உறவுக்காரர்கள், மேகமாகப் படர்கின்றன. இதே வகை இளம் உலகமான விஎச்எஸ் 1256 பியில் அப்படிப்பட்ட மேகத்தின் தடயத்தை 2023இல் வெப் தெளிவாகக் காட்டியது. இத்தகைய மூட்டத்துக்குள் ஒளி எப்படிச் சிதறி, எப்படித் தப்பி வெளியேறும் என்பதற்கான கணக்குக்கு அடித்தளம் போட்ட நூல்களில் முதன்மையானது 1950இல் வந்த ‘ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்’. எழுதியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். வெள்ளைக்குள்ளன் நட்சத்திரங்களுக்கான அவர் எல்லையை எல்லோரும் சொல்கிறார்கள். நட்சத்திரம், கோள் என்று எதன் வளிமண்டலத்தைப் பற்றி எழுதினாலும் இன்றும் தொட்டாக வேண்டிய இந்த நூலைப் பற்றித் தமிழில் பேச்சே இல்லை. அந்த வழியில் பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் சுஜன் சென்குப்தாவும் அமெரிக்கரான மார்க் மார்லியும் 2011இல் ஒரு கணக்குப் போட்டார்கள். தானாக ஒளிரும் இளங்கோளின் மேகம் அதன் ஒளியை எவ்வளவு தளவிளைவுக்கு (ஒளியலை ஒரே தளத்தில் அதிர்வதற்கு) உள்ளாக்கும், அதை அளந்தால் கோளைப் பற்றி என்ன தெரியும் என்பது அந்தக் கணக்கு.

நம் கதிர் மேகத்தின் இடைவெளி வழியே தப்பியது. அது 1672ஐ ஒட்டி, ஓரிரு ஆண்டு முன்பின்னாக இருக்கலாம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் ஐரோப்பாவின் கையா விண்கலம். அது அந்த நட்சத்திரத்தின் தொலைவை ஏறத்தாழ 350 ஒளியாண்டு என்று நெருக்கமாக அளந்திருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 3,300 லட்சம் கோடி.

1672இல் கும்மிடிப்பூண்டியை அடுத்த கவரைப்பேட்டைக்குக் கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கெல்டிரியா கோட்டை இருந்தது. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வணிகத்துக்கே அதுதான் தலைமையிடம். தெற்கே ஆங்கிலேயரின் சென்னப்பட்டினத்துக்கு முப்பது சொச்சம் வயது. அந்த ஆண்டு பிரெஞ்சுக்காரர்கள் சாந்தோமைப் பிடித்தார்கள், 1674இல் அதை இழந்தார்கள், பிறகு புதுச்சேரியில் வேரூன்றினார்கள். கேம்பிரிட்ஜில் நியூட்டன் வெள்ளொளி பல நிறங்களின் கூட்டு என்று முதன்முதலாக அச்சில் சொன்னதும் 1672இல்தான். ஒளி ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக நேரம் எடுக்கும் என்பதே அப்போது நிலைநாட்டப்படவில்லை. டென்மார்க்கின் ஓலே ரோமர் வியாழனின் நிலவை வைத்து அதைக் காட்டியது 1676இல். ஒளிக்கு வேகம் உண்டு என்று மனிதர் அறிவதற்கு முன்பே நம் கதிர் வழியில் நான்கு ஆண்டு கடந்திருந்தது.

அது நம்மைக் குறிவைத்துக் கிளம்பவில்லை. கோள் எல்லாத் திசையிலும் சூட்டைக் கொட்டுகிறது. அதில் ஆறரை மீட்டர் ஆடி ஒன்று மறிக்கும் பங்கு, பத்துக்குப் பின் முப்பத்தாறு சுழி போட்ட எண்ணில் ஒன்றிரண்டு. அப்படியும் எல்லா அலைநீளங்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் நொடிக்குச் சில பத்தாயிரம் ஒளித்துகள்கள் ஆடியில் விழ வேண்டும். அவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறது அந்தக் கோள்.

வழியில் என்ன நடந்தது? ஒன்றும் இல்லை என்பதே நேர்மையான பதில். நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள தூசு இந்தத் திசையில், இந்தத் தொலைவுக்கு, அகச்சிவப்பை மறிக்கும் அளவுக்கு இல்லை. நடந்ததெல்லாம் போய்ச்சேர வேண்டிய இடத்தில்தான், அதிலும் கணிசமான பகுதி இந்தக் கரையில்.

சயாமில் 1688இல் நடந்த புரட்சியால் அங்கிருந்து வெளியேறிய ழான் ரிஷோ என்ற யேசுசபைப் பாதிரியார் புதுச்சேரிக்கு வந்தார். 1689 டிசம்பரில் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அதே சென்டாரஸில் உள்ள ஆல்ஃபா சென்டாரி ஒரு நட்சத்திரம் அல்ல, இரண்டு என்று கண்டார். (335 ஆண்டு கழித்து, 2024 ஆகஸ்டில், அந்த இரண்டில் பெரியதன் பக்கத்தில் சனி அளவு நிறையுள்ள கோளாக இருக்கக்கூடிய ஒரு புள்ளியை வெப் பிடித்தது. சார்லஸ் பைக்மன், அனிகேத் சங்கி குழுவினர் அதை 2025இல் வெளியிட்டார்கள். அடுத்துப் பார்த்தபோது புள்ளி தென்படவில்லை. நட்சத்திரத்துக்கு மிக அருகே போயிருக்கலாம் என்கிறார்கள்; இன்னும் உறுதியாகவில்லை.)

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் எழுந்தது. அதன் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ்க் கல்வெட்டோடு, இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தால் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் ஒரு வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. நம் கதிர் எந்த இனத்தைச் சேர்ந்தது என்று உலகம் அறிந்த நாள் அது. அப்போது அது மூன்றில் ஒரு பங்கு வழியைத் தாண்டியிருந்தது.

பாதி வழியைத் தாண்டியபோது, 1855இல், நுங்கம்பாக்க வானாய்வகத்தின் தலைவர் கேப்டன் வில்லியம் ஸ்டீஃபன் ஜேக்கப் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். 70 ஒஃபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரத்தின் சுற்றுப்பாதை கணக்கோடு ஒத்துவரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அங்கே இருந்து இழுக்கிறது என்பது மிகவும் சாத்தியம் என்று லண்டன் ராயல் வானியல் கழகத்தின் இதழில் எழுதினார். வேறொரு சூரியனுக்குக் கோள் உண்டு என்று அளவீட்டை வைத்து எழுந்த முதல் உரிமைக்கோரல்களில் அது ஒன்று. தவறு என்று பின்னால் தெரிந்தது. இருந்தாலும் எனக்கு ஜேக்கப்பைப் பிடிக்கும். கோளைப் பார்க்க முடியாது, அது நட்சத்திரத்தை ஆட்டுவதைத்தான் பார்க்க முடியும் என்ற அவருடைய வழிமுறை சரியானது. 1990களில் தொடங்கிய புறக்கோள் வேட்டையில் பெரும்பாலானவை அந்த மாதிரி மறைமுக வழிகளில்தான் சிக்கின. இன்று உறுதிசெய்யப்பட்டவை ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டன; அவற்றில் நேரடியாகப் படமெடுக்கப்பட்டவை நூறைத் தொடவில்லை.

ஏன் இவ்வளவு குறைவு? கோள்கள் நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் மூழ்கிப்போகின்றன. நம் வியாழன் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியனைவிடச் சுமார் நூறு கோடி மடங்கு மங்கல். தனக்கென்று அதற்கு இருந்த சூடும் ஆறிவிட்டது. மேகத்தின் உச்சியில் மைனஸ் 150 டிகிரிக்குப் பக்கம். உறிஞ்சும் வெயிலைப்போல இரு மடங்கை அது இன்னும் வெளியே விடுகிறது என்றாலும் அது மிச்சமிருக்கும் கதகதப்பு, அவ்வளவுதான். இளம் கோளின் கதை வேறு. ஹிப் 65426 பி தன் நட்சத்திரத்தைவிட அண்மை அகச்சிவப்பில் பத்தாயிரம் மடங்குக்கு மேல் மங்கல். இன்னும் நீண்ட அலைநீளத்துக்குப் போனால் வித்தியாசம் சில ஆயிரம் மடங்காகக் குறைகிறது. பிறந்த சூடு ஆறுவதற்குள் பார்த்தால்தான் உண்டு. இந்தத் துறையினர் இளம் நட்சத்திரக் கூட்டங்களையே தேடிப் போவதற்கு இதுதான் காரணம். ஹிப் 65426 இருப்பதும் அப்படி ஒரு கூட்டத்தில், ஸ்கார்பியஸ்–சென்டாரஸ் குழுவில். 2017இல் சிலியின் பரனால் மலையிலிருந்து கேல் ஷோவான் குழுவினர் ஸ்ஃபியர் கருவியால் அதை முதலில் கண்டார்கள். கோள் நட்சத்திரத்திலிருந்து பூமி–சூரியன் தொலைவைப்போல நூறு மடங்கு அளவுக்குத் தள்ளி இருந்ததும் உதவியது.

இந்த நட்சத்திரம் கவரைப்பேட்டைக்கும் உதிக்கும். சித்திரை பிறக்கும் வாரத்தில் நள்ளிரவை ஒட்டித் தெற்கே 25 டிகிரி உயரத்தில் நிற்கும். எப்சிலான் சென்டாரி என்ற பிரகாசமான விண்மீனுக்கும் ஒமேகா சென்டாரி என்ற மங்கலான பனிப்பொட்டுக்கும் நடுவில் தேட வேண்டும். ஆனால் அதன் பிரகாசம் ஏழாம் தரம். வெறுங்கண்ணுக்கு எட்டாது, பைனாகுலர் வேண்டும். தெற்கே சென்னையின் வெளிச்சமும் தென்கிழக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் வெளிச்சமும் பைனாகுலருக்கும் இடம் கொடுக்குமா என்பது அன்றைய காற்றைப் பொறுத்தது. கோளின் சூடு பற்றிப் பேசவே வேண்டாம். வங்கக் கடலோரக் காற்றின் ஈரம் அகச்சிவப்பின் பெரும் பகுதியைக் குடித்துவிடும். அதற்கும் மேலே, 30 டிகிரியில் இருக்கும் நம் காற்றும் தரையும் தொலைநோக்கியின் உடம்பும் 10 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டித் தாங்களே பளிச்சென்று ஒளிர்கின்றன. அந்த நிறத்தில் பார்த்தால் பூமியில் இரவே கிடையாது.

ஆகவே பூமியைவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று தென்னமெரிக்காவின் கூருவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட்டில் கிளம்பிய வெப், பூமிக்கு அப்பால் 15 லட்சம் கிலோமீட்டரில், சூரியனுக்கு எதிர்த்திசையில் நிலைகொண்டது. டென்னிஸ் மைதான அளவுக்கு விரியும் ஐந்தடுக்குக் கேப்டான் திரை சூரியனையும் பூமியையும் நிலவையும் மறைக்கிறது. நிழல் பக்கத்தில் ஆடிகள் மைனஸ் 220 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கின்றன; நடு அகச்சிவப்புக் கருவியான மிரி மட்டும் ஹீலியம் குளிர்விப்பானால் கெல்வின் கணக்கில் 7 டிகிரிக்குக் கீழே. தான் ஒளிராமல் இருந்தால்தான் அடுத்தவர் சூட்டைப் பார்க்க முடியும்.

350 ஆண்டு சிரமமில்லாமல் வந்த கதிருக்குக் கடைசிச் சில மீட்டர்தான் கண்டம். பெரிலியத்தில் செய்து தங்கம் பூசிய 18 அறுகோண ஆடிகளில் ஒன்றில் அது பட்டது. தங்கம் பூசியது அழகுக்கு அல்ல, அகச்சிவப்பை அது கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பிவிடும் என்பதற்காக. அங்கிருந்து இரண்டாம் ஆடி, மூன்றாம் ஆடி, நடுக்கத்தைத் திருத்தும் சிறிய ஆடி, பிறகு நிர்காம் என்ற கேமரா. கூடவே, அதே வழியில், பத்தாயிரம் மடங்கு நட்சத்திர ஒளி. வானத்தில் இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஒரு விகலைக்கும் குறைவு. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி.

இங்கேதான் கொரோனாகிராஃப் வருகிறது. சூரியனின் விளிம்பு ஒளிவட்டத்தைக் கிரகணம் இல்லாமலே காண்பதற்காக பிரான்சின் பெர்னார்ட் லியோ 1930களில் செய்த கருவியின் வழிவந்தது அது. கவரைப்பேட்டைக்கு வடக்கே, சற்றுக் கிழக்காக, நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய ஆதித்யா எல்-1 விண்கலத்தில் இருப்பதும் லியோவின் பேரன்களில் ஒன்றுதான்; பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம் செய்தது. அது சூரியனை மறைக்கிறது, வெப்பில் இருப்பது நட்சத்திரத்தை மறைக்கிறது. நட்சத்திரம் ஒரு சிறு முகமூடியின் நடுவில் விழுமாறு தொலைநோக்கியைக் குறிவைக்க வேண்டும். விளிம்பில் வழியும் ஒளியை அடுத்து வரும் இன்னொரு தடுப்பு வெட்டுகிறது. அந்த வெட்டில் கோளின் ஒளியிலும் கணிசமான பங்கு போய்விடும். 3,300 லட்சம் கோடி கிலோமீட்டர் வந்த ஒளித்துகள்களை வாசலில் வைத்து எறிவது அநியாயம்தான். ஆனால் எறியாமல் படம் இல்லை.

தப்பிய கதிர் பாதரச–காட்மியம்–டெலுரைடு உணரியில் ஓர் எலக்ட்ரானைத் தட்டி எழுப்பியதோடு அதன் பயணம் முடிந்தது. இனி வருவது எண்களின் பயணம். நாசாவின் ஆழ்வெளி ஆன்டெனாக்கள் வழியாக அவை பூமிக்கு இறங்கி, பால்டிமோரில் உள்ள ஸ்பேஸ் டெலஸ்கோப் சயின்ஸ் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயின. சாஷா ஹிங்க்லி தலைமையிலான குழுவில் ஆரின் கார்ட்டர் அவற்றைக் கையில் எடுத்தார். முகமூடிக்குப் பிறகும் நட்சத்திரத்தின் எச்சம் படம் முழுக்கச் சிதறிக் கிடந்தது. தொலைநோக்கியைச் சில டிகிரி திருப்பி மீண்டும் எடுத்த படங்களும், கோள் தெரியாத இன்னொரு நட்சத்திரத்தின் படங்களும் இருந்தன. தொலைநோக்கி திரும்பினால் ஆடிகள் உண்டாக்கும் கறை கேமராவில் அப்படியே நிற்கும், கோள் மட்டும் இடம் மாறும். அதை வைத்துக் கறையைக் கழித்தார்கள். மிஞ்சியது ஒரு புள்ளி.

2022 செப்டம்பர் 1 அன்று நாசா வெளியிட்ட படத்தில் அந்தப் புள்ளி நான்கு நிறங்களில் இருக்கிறது: 3 மைக்ரானில் ஊதா, 4.44இல் நீலம், 11.4இல் மஞ்சள், 15.5இல் சிவப்பு. அந்த நிறங்கள் நாம் கொடுத்தவை. உருவமும் கோளுடையது அல்ல. கோளின் உண்மையான வட்டம் வெப் பிரித்துக்காணும் எல்லையைவிட ஆயிரக்கணக்கான மடங்கு சிறியது. புள்ளியின் ஓரத்தில் தெரியும் கோணல்மாணல் அறுகோண ஆடியின் கைவரிசை. பத்திரிகைகளில் புறக்கோள் செய்தியோடு வரும் பட்டை பட்டையான அழகிய உருண்டைகள் பெரும்பாலும் ஓவியரின் கற்பனை. அவற்றைவிட இந்தச் சப்பையான புள்ளியை நான் மதிக்கிறேன். இந்த நான்கு உட்பட ஏழு அலைநீளங்களில் வெப் அளந்த அதன் பிரகாசத்தைக் கொண்டுதான் கோளின் மொத்த வெளிச்சத்தைக் கணக்கிட்டார்கள். வயதும் தெரியும் என்பதால், இவ்வளவு காலம் ஆறிய பிறகும் இவ்வளவு ஒளிர எவ்வளவு நிறை வேண்டும் என்று பின்னோக்கிப் போனார்கள். வியாழனைப்போல 7.1 மடங்கு, ஏறத்தாழ ஒன்று கூடலாம், குறையலாம். முந்தைய மதிப்பீடு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அகலமாகக் கிடந்தது. பில்லட் எப்போது உலையைவிட்டு வந்தது, இப்போது எவ்வளவு சூடு என்று தெரிந்தால் அதன் பருமனைச் சொல்லிவிடலாம்; அதே கணக்குதான்.

வெப் அதற்குப் பிறகு இன்னும் கடினமானவற்றுக்குப் போய்விட்டது. 12 ஒளியாண்டு தொலைவில் இருக்கும், ஆறிப்போன முதிய கோளான எப்சிலான் இண்டி ஏபியை எலிசபெத் மேத்யூஸ் குழுவினர் 2024இல் படமாக்கினார்கள். 2025இல் ஆன்–மரி லாக்ராஞ்ஜ் குழுவினர் டிடபிள்யூஏ 7 என்ற இளம் நட்சத்திரத்தைச் சுற்றும் தூசு வளையங்களுக்கு நடுவே, சனி அளவு நிறையுள்ள ஒன்றைக் கண்டதாக அறிவித்தார்கள். நேரடிப் படத்தில் இவ்வளவு இலேசான கோள் அதற்கு முன் சிக்கியதில்லை.

ஹிப் 65426 பியின் எண்கள் பால்டிமோர் காப்பகத்தில் 1386 என்ற திட்ட எண்ணில் இருக்கின்றன. தொடக்க காலத்திலேயே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று எடுத்த தரவு என்பதால், எடுத்தவர்களுக்கு மட்டும் என்ற பூட்டு அதற்கு முதலிலிருந்தே இல்லை. நட்சத்திரத்தைக் கழிக்கும் ஸ்பேஸ்கிளிப் மென்பொருளும் இலவசம். கவரைப்பேட்டை பொறியியல் கல்லூரி விடுதியில் பைத்தான் தெரிந்த ஒரு மாணவருக்கு இதற்குமேல் தேவைப்படுவது ஒரு சுமாரான லேப்டாப்பும் சில வார இரவுகளும். முதல் கழித்தலில் கறுப்பும் வெளுப்புமாக நிறையத் திட்டுகள் வரும், எல்லாமே கோள் மாதிரி இருக்கும். நட்சத்திரத்திலிருந்து 0.8 விகலை தள்ளி, வடக்கிலிருந்து கிழக்காக 150 டிகிரியில் ஒன்று நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லா அலைநீளங்களிலும் அதே இடத்தில் நின்றால் அது கோள். ஒன்றில் வந்து மற்றதில் நகர்ந்தால் பெரும்பாலும் அது ஆடியின் வேலை. கழித்தலைத் திரும்பச் செய்ய வேண்டும்.